ஷெட்டுக்குள் சொல்லக் கூடாத சொல்

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது சூப்பர்வைசராக இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். ஓய்வு பெற்றவர்களும் வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறார்கள். இந்த முறை, வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் வாழ்க்கையில் தெரிந்துகொண்ட ஒன்றை எழுதித் தருவது என்று முடிவாம். பயிற்சிக்கு வந்திருக்கும் பையன்கள்கூட எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். "சார், நீங்க கிரேன் வேலையப் பத்தி எழுதுங்க. இப்பெல்லாம் வாக்கி டாக்கி வந்துடுச்சு. பசங்களுக்குக் கை சைகையே தெரியல," என்றார். சரி என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. காரணம் என் மகள்.

கீர்த்தனாவுக்கு இருபத்து மூன்று வயது. சிவில் டிப்ளமோ படித்தவள். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் யார்டில் வேலை. பாலங்களுக்கு வேண்டிய கான்கிரீட் பாளங்களை வார்த்து, காய வைத்து, கிரேனில் தூக்கி அடுக்கும் இடம். மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கீழே நடப்பது முழுதாகத் தெரியாது. கீழே ஒருவர் நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொன்னால்தான் அவர் இயக்க முடியும். அந்த ஒருவர் என் மகள். நான் வேலையில் இருந்த காலத்தில் பெரும்பாலும் செய்ததும் அதையேதான். நான் கையால் சொன்னேன், அவள் வாக்கி டாக்கியில் சொல்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், தொங்கிக்கொண்டிருந்த பாளம் சுழலாமல் இருக்க அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்து வரிசையில் வேறொரு குழு வேறொரு கிரேனோடு வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு குழுவின் வாக்கி டாக்கியும் அன்று ஒரே சேனலில் இருந்திருக்கின்றன. அந்தப் பக்கம் யாரோ யாரையோ சமாதானப்படுத்தி, "உடு மச்சான்" என்று சொல்லியிருக்கிறார். இவளுடைய கிரேன்காரர் காதில் 'உடு' மட்டும் விழுந்தது. விடு, அதாவது இறக்கு என்று எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டார். பாளம் அடுக்கின் ஓரத்தில் இடித்துத் திரும்பியது. கயிறு அவளை இழுத்துத் தரையில் போட்டது. காறை எலும்பில் விரிசல். பாளம் அவள் மேல் விழவில்லை. விழவில்லை, விழவில்லை என்று நான் இன்னும் எனக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். என்னோடு படித்த மோகன் அம்பத்தூரில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் வைத்திருக்கிறான். "உன் பொண்ணுதானேடா, அனுப்பு. சனிக்கிழமைக்குள்ள மட்டும் சொல்லிடு, வேற ஆள் பாக்கணும்," என்றான். அதை அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன்.

"ஏசி ரூம்ல உக்காந்து கோடு போடுற வேலை. அதானப்பா?" என்றாள் கீர்த்தனா.

"கோடு யார் மேலயும் விழாது."

அவள் சிரிக்கவில்லை. "இந்த ஒரு வாரம் யார்டுக்குப் போய்ப் பாக்குறேன். சனிக்கிழமை நீங்களே சொல்லுங்க. வேணாம்னா அங்கிள் ஆபீசுக்குப் போயிடுறேன். கோச்சுக்க மாட்டேன், சத்தியமா."

சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடிவைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். என் மனைவியைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்குறீங்க? அந்த வேலை உங்களுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

தெரியும் என்பதுதான் என் சங்கடம். அந்த வாரத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது பிரஸ் ஷாப். பஸ்ஸுக்கும் காருக்கும் வேண்டிய தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி வடிவம் கொடுப்பது. டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன், எண்ணெய் துடைத்தேன், திட்டு வாங்கினேன், ஆபரேட்டர் ஆனேன், சூப்பர்வைசர் ஆனேன். கம்பெனி ஒரகடம் பக்கம் போனபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் சொல்லும்படியாக இருப்பது இவ்வளவுதான். மீதி எல்லாம் வேலாயுதம் சாரும் முனுசாமி அண்ணனும்.

வேலாயுதம் சார் எங்கள் ஷாப்பின் இன்ஜினியர். தென்காசிப் பக்கத்துக்காரர். நேற்றுச் சேர்ந்த பையனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் பேசும்போது நாம்தான் மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டே போக வேண்டியிருக்கும். அவர் வந்த புதிதில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். முதல் ஷிப்ட் மெஷின் போடுவதற்கு முன்னால் எல்லோரும் ஷெட் வாசலில் நிற்போம். யாராவது ஒருவரைப் பார்த்து, "நேத்து என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பார். வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: வாக்கியம் 'ணும்' என்று முடியக் கூடாது.

"பொறுமையா இருக்கணும் சார்," என்று ஆரம்பித்தால் கை காட்டி நிறுத்திவிடுவார். "அது அடுத்தவருக்குச் சொல்றது. உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க."

'ணும்' இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதல் சில வாரம் பாதிப் பேர் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்கள். பிறகு மெல்ல வர ஆரம்பித்தது. ஓய்வு பெற இருந்த லேத்காரர் ஒருவர் சொன்னார்: "கண்ணாடி போட்டேன் சார். நம்ம ஊட்டு செவுத்துல எவ்ளோ அழுக்கு கீதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது. பொண்டாட்டி எத்தினி வருசமா சொல்லிகினு கீறா. அவளுக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்." கேண்டீன் பத்மா அக்கா சொன்னார்: "என் புள்ள பெயிலாயிட்டேன்னு வந்து நின்னான். நான் திட்டல. அப்பதான் அழுதான். திட்டியிருந்தா அழுதிருக்க மாட்டான் சார்." மீசை முளைக்காத ஒரு அப்ரண்டிஸ், "காய்ச்சல் வந்துச்சு சார். ரூம்ல மூணு பேர் இருக்கோம். நான் ஒரு மாசமா பேசாம இருந்தவன்தான் கஞ்சி வெச்சுக் குடுத்தான்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முனுசாமி அண்ணன் முறை வந்தால் எல்லோரும் முன்கூட்டியே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். கோவில்பதாகை என்ற ஊர்க்காரர். நெல் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் மனைகளாகிப் போன பிறகு எங்கள் கம்பெனிக்கு வந்து, பிரஸ்ஸில் அச்சு மாட்டுகிற வேலையில் கெட்டிக்காரர் ஆனவர். "ஊட்ல சண்ட சார். நான் வாயே தொறக்கல. அப்பவும் சண்ட நிக்கல. அதான் தெரிஞ்சுது," என்பார். வேலாயுதம் சார் சிரிக்க மாட்டார். தலையை ஆட்டிவிட்டு, "சரி, போலாம்," என்பார். யாரும் பதில் சொல்லக் கூடாது, விளக்கம் கேட்கக் கூடாது. உள்ளே போய் மெஷினைப் போடுவோம்.

இப்போது அச்சு மாற்றும் வேலையைச் சொல்கிறேன். நாங்கள் டை என்போம். ஒரு லாரி எடை இருக்கும் இரும்புக் கட்டி. பழையதைக் கழற்றி, புதியதைக் கிரேனில் கொண்டுவந்து பிரஸ்ஸின் மேடையில் உட்கார வைப்பது. நான்கு மூலையிலும் கொக்கி மாட்டி, சங்கிலிகள் ஒரே மாதிரி இறுகியிருக்கின்றனவா என்று கையால் தட்டிப் பார்ப்போம். தரையிலிருந்து ஒரு விரல் உயரம் மட்டும் தூக்கி நிறுத்துவோம். பிரேக் பிடிக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே. எங்கள் கிரேனை இயக்குகிறவர் தரையில்தான் நிற்பார். கம்பியில் தொங்கும் பொத்தான் பெட்டி அவர் கையில் இருக்கும். சைகை கொடுப்பவர் எதிரே நிற்பார். ஆட்காட்டி விரலை மேலே சுழற்றினால் ஏற்று. உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் இறக்கு. முஷ்டியை மடக்கி உயர்த்தினால் அப்படியே நிறுத்து. சைகை கொடுப்பவர் டையைப் பார்க்க வேண்டும், இயக்குகிறவர் சைகை கொடுப்பவரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். இதில் பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் ஷெட்டில் பேசாமல் இருக்கிற மனிதர் யார்?

கீர்த்தனா பிறந்த வருடம் அது. நான் சைகை கொடுத்துக்கொண்டிருந்தேன். பொத்தான் பெட்டி பாஸ்கர் என்ற ஆபரேட்டர் கையில். முனுசாமி அண்ணனும் சேகர் என்ற பிட்டரும் மேடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். டை மேடைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வந்தபோது, முனுசாமி அண்ணன் மேடையில் ஒரு தகட்டுத் துணுக்கு கிடப்பதைப் பார்த்துக் கை காட்டினார். நான் முஷ்டியை உயர்த்தினேன். பாஸ்கர் நிறுத்தினார். துணுக்கை எடுக்க நீளமான கொக்கிக் கம்பி இருக்கிறது. அது இரண்டு எட்டு தள்ளிச் சாய்ந்து நின்றது. அதை எடுக்காமல் முனுசாமி அண்ணன் டைக்குக் கீழே கையை விட்டார்.

அவர் கையுறை ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. அதை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம், இன்னும் ஒரு மூச்சு நேரம் போயிருந்தால் கழன்றிருக்கும். ஆனால் டைக்குக் கீழே கை இருப்பதைப் பார்த்த சேகர் ஓடிவந்து, பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்கக் கையுறை இறுகியது.

"உடுடா! உடு! உடு!" என்று கத்தினார் முனுசாமி அண்ணன்.

என் முஷ்டி மேலேயே இருந்தது. பாஸ்கரின் கண் அதை விட்டுச் சத்தம் வந்த பக்கம் போனது. கட்டைவிரல் இறக்குகிற பொத்தானை அழுத்தியது. நான் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். கூவினேனா, என்ன கூவினேன் என்று நினைவில்லை. டை இறங்கியது, உடனே ஏறியது. முனுசாமி அண்ணன் கத்தவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபோது என் மனைவி குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அந்தச் சின்ன விரல்களைத் தொடப் பயமாக இருந்தது. காரணத்தை அவளிடம் சொல்லவும் இல்லை.

விபத்து நடந்த அன்றே வேலாயுதம் சார் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்திருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். யார் தவறு என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "உங்க காதுல என்ன விழுந்துச்சு?"

"என்னப் புடிச்சு இழுக்காத, உடுன்னு சொன்னாரு சார்," என்றான் சேகர். "அது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. ஆனா உட்டா போயிடுவாருன்னு பயம்."

"டைய உடுன்னு சொன்னாங்க சார்," என்றார் பாஸ்கர். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "யாருன்னு பாக்கல. சொன்னாங்க," என்றார்.

கூட்டிப் பெருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன அம்மா, "யாரோ சண்டையில சமாதானம் பண்றாங்கன்னு நெனச்சேன் சார். அட உடுப்பான்னு சொல்ற மாதிரிதான் இருந்துச்சு," என்றார்.

ஒரே சொல். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டபோது, "எனக்கு எதுவும் காதுல விழல சார்," என்றேன். அதுவும் உண்மைதான்.

அடுத்த நாள் காலை ஷெட் வாசலில் நின்றோம். வேலாயுதம் சார் யாரையும் கேட்கவில்லை. அதுவரை அவர் தன்னுடையது என்று ஒன்றும் சொன்னதில்லை. அன்று சொன்னார்: "இத்தன வருஷமா இங்க நின்னு நாம பேசினது எதுவும் நேத்து அந்த அரை நிமிஷத்துக்கு உதவல. அது எனக்குத் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வார்த்தை அப்படியே என்னோடு இருக்கிறது. என் மகள் விஷயத்தில் என்னைத் தூங்கவிடாததும் அதுதான். நமக்குத் தெரிந்தது சமயத்தில் நமக்கே உதவாதபோது, அதை இன்னொருவர் கையில் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அதன் பிறகு ஷெட்டில் சட்டங்கள் மாறின. கிரேன் நகர்வதற்குக் கை சைகை மட்டும்தான். வாயால் சொல்ல அனுமதி ஒரே சொல்லுக்கு: 'நில்'. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும். 'உடு' என்ற சொல்லை ஷெட்டுக்குள் எதற்காகவும் யாரும் சொல்லக் கூடாது.

சட்டம் போட்ட பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று. "சார், ஸ்பேனர அங்க வெச்சுடுன்னு சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டார். வேலாயுதம் சார் யோசித்தார். "வைங்கன்னு சொல்லுங்க," என்றார். குடுத்துடு, போயிடு, சாப்ட்டுடு எதுவும் சொல்ல முடியவில்லை. மனசு சரியில்லாமல் இருப்பவன் தோளில் கை போட்டு "உடு மாமே" என்று சொல்ல முடியவில்லை. கை போட்டுவிட்டுச் சும்மா நிற்பார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக்கு நடுவில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும்.

முனுசாமி அண்ணன் சில மாதம் கழித்து வேலைக்கு வந்தார். கருவிகள் கொடுத்து வாங்கும் அறையில் போட்டிருந்தார்கள். வந்த அன்று ஷெட்டுக்குள் நேராக எங்கள் பக்கம் வந்தார். பாஸ்கர் ஆஸ்பத்திரிக்குப் போனதே இல்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்ததாக என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது ஓடவும் வழியில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 

"அண்ணாத்தே," என்றார்.  பிறகு, "மன்னிச்சுடு அண்ணாத்தே," என்றார்.

முனுசாமி அண்ணன் தன் மூன்று விரல் கையைத் தூக்கினார். "டேய் டேய். இன்னா சொன்ன? மன்னிச்... உடு? ஷெட்டுக்குள்ள அந்த வார்த்த சொல்லக் கூடாதுன்னு சட்டம் கீதுடா. சார் பாத்தா உன்னியும் ஊட்டுக்கு அனுப்புவாரு, என்னியும் அனுப்புவாரு. வா, வெளிய வந்து சொல்லு."

தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசல் கோட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றார்கள். பாஸ்கர் சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, இங்கே கேட்கவில்லை. முனுசாமி அண்ணன் பதிலுக்கு ஒரே ஒரு சொல்தான் சொன்னார். அது என்ன சொல் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. வேலாயுதம் சார் கண்ணாடி அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காதவர் மாதிரி திரும்பிக்கொண்டார்.

இதை எல்லாம் கீர்த்தனாவிடம் சொன்னேன். அவள் யார்டுக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "முனுசாமி பெரியப்பா கைக்கு இப்படி ஆச்சுன்னு தெரியும். உடுன்னு சொன்னதாலன்னு தெரியாதுப்பா," என்றாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அதனால நீ எப்பவும் ஜாக்கிரதையா இருக்கணும், சேனல் மாத்தியிருக்கான்னு பாக்கணும், பாளத்துக்குப் பக்கத்துல நிக்காம இருக்கணும்," என்று அடுக்கினேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "நீங்க இப்ப எத்தன 'ணும்' சொன்னீங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று முழுவதும் வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் போனேன். யார்டு வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தகர வேலிக்கு மேல் கிரேனின் தலை தெரியும். அதன் கீழே நிற்கிறவர்கள் தெரிய மாட்டார்கள். தொங்கும் பாளம் இறங்கி வேலிக்குப் பின்னால் மறையும்போதெல்லாம் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வராது. கொக்கி மட்டும் மேலே வரும். அப்போதுதான் டீயைக் குடிப்பேன். வியாழக்கிழமையும் போனேன்.

அன்று ஷிப்ட் இடைவேளையில் கழுத்தில் துண்டும் நெஞ்சில் வாக்கி டாக்கியுமாக ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும்.

"இன்னா ரமேசு, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் டீக்கடைக்காரர்.

"பேஜாரு நைனா. அந்த சிக்னல் பொண்ணு திரும்ப வந்துகீது பாரு, உசுர வாங்குது."

நான் டீ கிளாஸோடு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணு சொல்லும். நான் சரின்னா ஒத்துக்காது. 'வெறும் சரி வேணாண்ணா, நான் சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லுங்க, என் பேரோட சொல்லுங்க'ன்னுது. 'கீர்த்தனா, இறக்குறேன்'னு சொன்னாதான் ஆச்சு. நேத்து பேரு சொல்ல மறந்துட்டேன். அவ்ளோதான், கயித்த கீழ போட்டுட்டு அந்தாண்ட போய் நின்னுகிச்சு. பாளம் தொங்குது. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கறான். இஞ்சினீரு கத்தறாரு. அசையணுமே! சேனலு மாத்தி குட்தாங்க, அதுவும் பத்தாதாம். இப்டி வேல செஞ்சா என்னிக்கி முடிக்கிறது? நான் வேற யார்டு பாத்துகினு போலாம்னு கீறேன்."

அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அடுத்த கணமே வேறொன்று தோன்ற, வாயை அடக்க முடியவில்லை. "மழைக்காலத்துல இங்க ஒரு பொண்ணுக்கு அடிபட்டுச்சுன்னாங்களே, அன்னைக்கு கிரேன்ல இருந்தது நீங்களா?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாந்தான். ஆம்பள கொரலுன்னு அப்பால எல்லாரும் சொன்னாங்க. ரெண்டாவது கிரேன்ல எவனோ பேசினதாம். இருக்கும். ஆனா என் காதுல அது அந்தப் பொண்ணு கொரலாதான் சார் கேட்டுச்சு. இன்னிக்கும் நெனச்சுப் பாத்தா பொண்ணு கொரலாதான் கேக்குது." டீக்குச் சில்லறையை எடுத்து வைத்தார். "அதான் பேரு சொல்லச் சொல்லுது போல," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வண்டியை எடுக்க எனக்கு நேரமாயிற்று. அவருடைய காது அவருக்கே சாட்சி சொல்லவில்லை. பாஸ்கரின் காதுக்கும் அன்று இதுதான் நடந்தது. இதற்கு எந்தச் சட்டம் போட்டு என்ன? மறுபுறம், பெயரைச் சொல்ல வைக்கிற முறை எங்கள் ஷெட்டில் இருந்ததில்லை. வேலாயுதம் சார் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கீழே விழுந்து எழுந்தவள் அவளாகவே கண்டுபிடித்தது. லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்போதும் இன்ஜினியர் கத்தும்போதும் அது அவளிடம் நின்றிருக்கிறது. எத்தனை நாள் நிற்கும்? ரமேஷ் போய்விட்டால் அடுத்து வருகிறவர் கேட்பாரா? சனிக்கிழமை காலைவரை என் மனம் இப்படியே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

காலைப் பலகாரம் ஆனதும் மோகனுக்குப் போன் செய்தேன். "அந்த இடத்த வேற யாருக்காவது குடுடா," என்றேன். அவன் காரணம் கேட்டான். "அவளா ஒரு முறை கண்டுபிடிச்சு வெச்சிருக்காடா," என்றேன். சமையலறையில் என் மனைவி பாத்திரம் வைத்த சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. வெளியே வந்து, "நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நான் நெனச்சுக்கறேன்," என்றாள். எனக்கு அது தைரியம் தரவில்லை.

கீர்த்தனா அரை நாள் வேலை முடிந்து வந்தாள். சொன்னேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உங்களுக்குப் பயமா இல்லையாப்பா?"

"இருக்கு. குறையவே இல்ல."

"சரி. அப்ப ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அந்த டீக்கடைக்கு வராதீங்க."

"எந்த டீக்கடை?" என்றேன்.

"நேத்து ரமேஷண்ணா வந்து கேக்குறாரு. 'இன்னாம்மா, கட்டம் போட்ட சட்ட, பழைய ஸ்கூட்டரு, ரெண்டு நாளா ஒரு ஆளு கிரேனையே பாத்துகினு கீறாரு. என்னாண்ட நோண்டி நோண்டி கேட்டாரு. சேஃப்டி இன்ஸ்பெக்டரா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொல்லிட்டேன்." இப்போது சிரித்துவிட்டாள். "நேத்துல இருந்து எல்லா வார்த்தையையும் பேரோட திருப்பிச் சொல்றாரு. சாப்புடறப்பகூட ஹெல்மெட்டக் கழட்டல."

"அப்போ நான் தினமும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அப்பா!" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.